பிக்ஃபுட், யெட்டி ஆதாரங்கள்: பட்டிமன்றத்துக்கு எதை எடுத்து வைக்கலாம்?

மஞ்சக்குப்பம் வாசகர்

எல்லாருக்கும் வணக்கம். கடலூரில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பட்டிமன்றம் வைக்கிறோம். தலைப்பு: அமெரிக்காவில் பிக்ஃபுட் என்றும் இமயமலையில் யெட்டி என்றும் சொல்கிற, மனிதக் குரங்கு போன்ற ஒரு பெரிய விலங்கு காட்டுக்குள் உண்டா, ஆதாரம் என்ன சொல்கிறது? மறுநாள் காலை தேவனாம்பட்டினம் கடற்கரையில் கால்தட வார்ப்புப் பயிற்சி.

பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டு வருவது பெரும்பாலும் நாலு விஷயம்தான். 1967-ல் அமெரிக்காவில் எடுத்த படம், பிளாஸ்டர் கால்தடங்கள், "எந்த விலங்கோடும் ஒத்துப்போகாத" முடி, 2019-ல் நம் ராணுவம் ட்விட்டரில் போட்ட யெட்டி தடம். "எல்லாம் டூப்பு" என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனசில்லை. ஏன் ஒரு ஆதாரம் நிற்கிறது, ஏன் இன்னொன்று விழுகிறது என்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஓட்டை எங்கே இருக்கிறது? கடற்கரை மணலில் வார்ப்பு சரியாக வருமா, என்ன பொருள், எவ்வளவு வேண்டும்? "உண்டு" என்று பேசுகிற அணிக்கு நேர்மையான வாதம் ஏதாவது கொடுக்க முடியுமா?

கெடிலக்கரையான்

கால்தடத்தைப் பற்றி நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

முதலில் இடம். அலை ஏறி இறங்குகிற ஈர மணல் வேண்டாம். உப்பு கலந்தால் பிளாஸ்டர் வேகமாக இறுகும், ஊற்றி முடிப்பதற்குள் கட்டி தட்டிவிடும். மேலே காய்ந்த மணலும் ஆகாது, தடத்தின் விளிம்பு சரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, வெயில் ஏறுமுன் லேசாக ஈரம் பிடித்திருக்கும் பட்டையைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் கடற்கரை மணலின் பருக்கை பெரிது. கால் வடிவம் வரும், தோல் ரேகை போன்ற நுணுக்கம் வராது. அதற்குக் கெடிலம் ஆற்றோரத்து வண்டல் கொஞ்சம் கொண்டுவந்து ஒரு தட்டில் பரப்பிக் கொள்ளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சாதாரண பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் ஒரு கிலோ மாவுக்கு 600 மில்லி நல்ல தண்ணீர். பல் மருத்துவப் பொருள் விற்கும் கடையில் டென்டல் ஸ்டோன் கிடைக்கும். அதற்குக் கிலோவுக்கு 350 முதல் 400 மில்லி போதும். விலை கூடுதல், ஆனால் உடையாது, விளிம்பும் கூர்மையாக வரும். தடயவியல் துறையினர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு பிள்ளையின் கால்தடத்துக்கு அரைக் கிலோ பிளாஸ்டர் போதும். 16 அங்குலப் பெரிய தடம் செய்து காட்டுவதென்றால் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் வேண்டும்.

கலப்பதற்கு முன்பே படம் எடுத்துவிட வேண்டும். தடத்தின் பக்கத்தில் ஸ்கேலைத் தடத்தின் அடிமட்டத்துக்கே தாழ்த்தி வைத்து, நேர் மேலே இருந்து ஒரு படம். பிறகு டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்து நாலு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம். வார்ப்பு எடுத்தால் தடம் அழிந்துபோகும், அதற்குப் பிறகு மிஞ்சுவது இந்தப் படங்கள்தான். பிக்ஃபுட் வார்ப்புகளில் பலவற்றுக்கு இந்தப் படமே இல்லை, அதுதான் முதல் ஓட்டை.

தண்ணீரில் மாவைத் தூவ வேண்டும், மாவில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு நிமிடம் ஊறவிட்டு, குமிழ் வராமல் மெதுவாகக் கிளறினால் தோசை மாவுப் பதம் வரும். தடத்துக்கு வெளியே ஒரு கரண்டியைப் பிடித்து அதன் மேல் ஊற்றி உள்ளே வழியவிடுங்கள். நேராக ஊற்றினால் விழுகிற வேகத்தில் பள்ளம் விழும். பாதி நிரம்பியதும் தென்னை ஈர்க்கு நாலைந்து குறுக்கே போட்டு மீதியை ஊற்றுங்கள், தூக்கும்போது நடுவில் முறியாது. மேல்பரப்பு இறுகுமுன் குச்சியால் தேதி, இடம், தடம் போகும் திசை மூன்றையும் கீறி எழுத வேண்டும். அரை மணி நேரத்துக்குப் பிறகு பக்கவாட்டில் தோண்டி, அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். மண்ணைக் கழுவுவது அடுத்த நாள்தான். அன்றைக்கே பிரஷ் போட்டால் நுணுக்கமெல்லாம் போய்விடும்.

இப்போது அந்த வண்டல் தட்டு. 1982-ல் வாஷிங்டன் மாநிலத்தில் எடுத்த சில வார்ப்புகளில் தோல் ரேகை இருப்பதாக மானிடவியலாளர் குரோவர் கிரான்ட்ஸ் சொன்னார். பிற்பாடு டெக்சாஸ் போலீஸ் கைரேகை நிபுணர் ஜிம்மி சில்கட் வேறு சில வார்ப்புகளைப் பார்த்து, இது மனிதனும் இல்லை, தெரிந்த குரங்கும் இல்லை என்றார். "உண்டு" அணியின் வலுவான சீட்டு இதுதான். மேட் குரோலி என்பவர் செய்து காட்டியதைப் பிள்ளைகளும் செய்யலாம். வண்டலை நன்றாகக் காயவைத்துச் சல்லடையில் சலித்து, ரேகையே இல்லாத வழவழப்பான மரப் பாதத்தை அதில் அழுத்தி, பிளாஸ்டர் ஊற்றுங்கள். காய்ந்த நுண்மண் பிளாஸ்டரின் தண்ணீரை உறிஞ்சும். அதனால் பிளாஸ்டர் ஒரே வீச்சில் பரவாமல் நின்று நின்று நகரும். நிற்கிற இடமெல்லாம் ஒரு வரி எழும். வார்ப்பைத் திருப்பினால் ஓரங்களில் இணையாக ஓடும் மெல்லிய வரிகள் தெரியும். தட்டில் இல்லாத ரேகை வார்ப்பில் வந்துவிட்டது! மண்ணை முதலில் லேசாக ஈரப்படுத்திவிட்டு அதே பாதத்தை வார்த்தால் வரிகள் பெரும்பாலும் மறையும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஆழத்தைப் பற்றியும் கேட்பார்கள். "இவ்வளவு ஆழம் பதிந்திருக்கிறது, 300 கிலோவாவது இருக்கும்" என்பார்கள். ஈரம், மண் இறுக்கம், ஊன்றிய வேகம் மூன்றும் தெரியாமல் ஆழத்திலிருந்து எடை சொல்ல முடியாது. ஒரே ஆளின் தடம் இரண்டு மீட்டர் தூரத்தில் இரண்டு மாதிரி பதியும். பக்கத்திலேயே எடை தெரிந்த ஒருவர் நடந்து, அந்தத் தடத்தையும் வார்த்து வைத்திருந்தால் மட்டும் ஒப்பிட்டுப் பேசலாம்.

பிக்ஃபுட் என்ற பெயரே 1958-ல் வடக்குக் கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில், புல்டோசர் ஓட்டுநர் ஜெரி குரூ எடுத்த 16 அங்குல வார்ப்பிலிருந்து பரவியது. அங்கே சாலைப் பணியின் ஒப்பந்தக்காரர் ரே வாலஸ். அவர் 2002-ல் இறந்ததும் குடும்பத்தினர் மரத்தில் செதுக்கிய பாதங்களை வெளியே எடுத்துக் காட்டி, இதைக் கட்டிக்கொண்டு நடந்தவர் அவர்தான் என்றார்கள்.

உப்பனாறு

1967 படத்துக்கு வருகிறேன். அக்டோபர் 20, அதே பிளஃப் கிரீக். எடுத்தவர் ரோஜர் பேட்டர்சன், கூட இருந்தவர் பாப் கிம்லின். 16 மி.மீ. கோடக் கே-100 கேமரா. உருவம் தெரிகிற துண்டு 954 ஃபிரேம். அது திரும்பிப் பார்க்கும் 352-வது ஃபிரேம்தான் எல்லா சட்டையிலும் அச்சாகி இருக்கிறது.

"மனிதனால் இப்படி நடக்க முடியாது" என்ற வாதம் முழுக்க ஒரே ஒரு எண்ணில் தொங்குகிறது: நொடிக்கு எத்தனை ஃபிரேம். 24 என்றால் துண்டின் நீளம் சுமார் 40 நொடி, நடை சாதாரண மனித வேகம். 16 என்றால் 60 நொடி, நடை மெதுவாகவும் கனமாகவும் தெரியும். கேமராவின் முள் எதில் இருந்தது என்று பேட்டர்சனுக்கே உறுதியில்லை. மைதானத்தில் ஒரு பையனை முட்டியை மடித்து நடக்கச் சொல்லி மொபைலில் எடுத்து, மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓட்டிக் காட்டுங்கள். 24-ல் எடுத்ததை 16-ல் ஓட்டினால் வருவது அதுதான். அந்தப் பையனே வேறு விலங்காகத் தெரிவான்.

அடுத்தது உயரம். கணக்கு எளிது: தூரம் பெருக்கல் ஃபிலிமில் விழுந்த பிம்பத்தின் உயரம், வகுத்தல் லென்ஸின் குவியத்தூரம். கரும்பலகையில் போட ஒரு உதாரணம்: தூரம் 30 மீட்டர், பிம்பம் 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. லென்ஸ் என்றால் 1.8 மீட்டர், சாதாரண ஆள். 20 மி.மீ. என்றால் 2.25 மீட்டர். 15 மி.மீ. என்றால் 3 மீட்டர்! லென்ஸ் எது என்பதிலும் தகராறு, தூரத்திலும் தகராறு. பத்து சதவீதம் தூரம் தப்பினால் உயரமும் பத்து சதவீதம் தப்பும். அதனால்தான் அரை நூற்றாண்டாக ஆளாளுக்கு ஒரு உயரம் சொல்கிறார்கள்.

மறுப்பு அணியும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாப் ஹைரோனிமஸ் என்பவர் உடையை மாட்டிக்கொண்டு நடந்தது நான்தான் என்றார். ஃபிலிப் மாரிஸ் என்ற உடை வியாபாரி கொரில்லா உடையை விற்றது நான்தான் என்றார். இருவர் சொல்கிற உடை விவரமும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, அந்த உடையை யாரும் எடுத்துக் காட்டவும் இல்லை. "ஒத்துக்கொண்டுவிட்டார்கள், முடிந்தது" என்று பேசினால் நடுவர் மதிப்பெண் குறைக்க வேண்டும். சாட்சி வாக்குமூலம் அந்தப் பக்கத்துக்கு எவ்வளவு பலவீனமோ, இந்தப் பக்கத்துக்கும் அவ்வளவுதான்.

இன்னொரு இடம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் காட்டில் எடுத்த படம் ஞாயிற்றுக்கிழமை யாக்கிமா நகரில் ஓடியது. அது கோடாக்ரோம். வீட்டு இருட்டறையில் கழுவ முடியாது, தனி எந்திரம் உள்ள லேப் வேண்டும். எந்த லேப், யார் கொண்டுபோனார்கள் என்பதற்குக் காகிதம் எதுவும் வெளிவரவில்லை. கோர்ட்டில் ஒரு பொருளைச் சாட்சியமாக ஏற்பதற்கு முன் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வில்லியனூர் வாசி

முடி, டி.என்.ஏ. பற்றி. "எந்த விலங்கோடும் ஒத்துப்போகவில்லை" என்ற வாக்கியத்தைப் பிள்ளைகள் கேட்டதும் "ஒப்பிட்டது எதோடு?" என்று திருப்பிக் கேட்கப் பழக வேண்டும். ஒப்பிடும் பட்டியலில் மான் இல்லையென்றால் மான் முடியும் மர்ம முடிதான்.

1976-ல் பீட்டர் பைர்ன் என்ற தேடுநர் 15 முடிகளைத் தோல் துணுக்கோடு அமெரிக்க எஃப்.பி.ஐ.க்கு அனுப்பினார். 1977-ல் வந்த பதில்: மான் இனம். அந்தக் கோப்பை 2019-ல் வெளியிட்டார்கள். மேகாலயாவின் காரோ மலையில் யெட்டி போலச் சொல்லப்படும் மாண்டே பருங் என்ற உருவத்தின் முடி என்று 2008-ல் இங்கிலாந்துக்குப் போனது, கோரல் என்ற மலையாட்டின் முடி. நேபாளத்தின் கும்ஜுங் மடத்து "யெட்டி தலைத்தோலை" 1960-ல் எட்மண்ட் ஹிலாரி வெளிநாடு கொண்டுபோய்ச் சோதித்தார். அது சீரோ என்ற காட்டாட்டின் தோலில் செய்தது.

பிறகு டி.என்.ஏ. காலம். ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் உலகெங்கிருந்தும் முடி கேட்டு வாங்கினார். 57 மாதிரி வந்தது. அவற்றில் சோதனைக்கு எடுத்ததில் 30-க்குத் தெளிவான விடை கிடைத்தது: கரடி, குதிரை, மாடு, நாய், முள்ளம்பன்றி, மனிதன். 2014-ல் வந்த அந்தக் கட்டுரையில் லடாக், பூட்டான் மாதிரிகள் இரண்டும் பழங்காலத் துருவக் கரடியோடு ஒத்துப்போவதாகச் சொன்னார். உலகச் செய்தியே ஆனது. மறு ஆண்டே மற்ற ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்துப் பார்த்து, ஒப்பீட்டில் பிழை, இமயமலைப் பழுப்புக் கரடி என்பதே பொருந்தும் என்று காட்டினார்கள். காரணம் எளிது: அவர் படித்தது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.யின் மிகச் சிறிய ஒரு துண்டு. எந்த வகை விலங்கு என்று சொல்ல அது போதும், நெருங்கிய சொந்தக்காரக் கரடிகளைப் பிரிக்கப் போதாது. 2017-ல் ஷார்லட் லிண்ட்குவிஸ்ட் குழு நீளமான வரிசையைப் படித்தது. யெட்டி என்று வைத்திருந்த ஒன்பதில் எட்டு கரடி, ஒன்று நாய். நம்பிக்கை உள்ளவர் ஒருவர் மாதிரி கொடுத்து, வேறொருவர் சோதித்து, மூன்றாமவர் தப்பைப் பிடித்த இந்த வரிசையை மட்டும் வைத்தே அரை மணி நேரம் பேசலாம்.

2013-ல் அமெரிக்காவில் ஒரு குழு பிக்ஃபுட் மரபணு கிடைத்துவிட்டது, தாய்வழி மனிதன், தந்தைவழி தெரியாத இனம் என்றது. அங்கே நடந்ததாக மற்ற மரபணுவியலாளர்கள் சொன்னது: முடியைத் தொட்டவர்களின் டி.என்.ஏ.யும் சிதைந்த விலங்கு டி.என்.ஏ.யும் கலந்த மாதிரி. குரங்கினத்தைத் தேடும்போது இதுதான் பெரிய தொல்லை. கரடி முடியில் மனித டி.என்.ஏ. கலந்தால் உடனே தெரியும். மனிதனுக்கு நெருங்கிய விலங்கு என்றால், கலப்படம் எது கண்டுபிடிப்பு எது என்று பிரிக்க, தொட்டவர்கள் எல்லாரின் மாதிரியும் தனியே வேண்டும். அதனால் முடி எடுப்பவர் கையுறை போட வேண்டும், இடுக்கியால் எடுத்துக் காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

பள்ளி நுண்ணோக்கியில் பிள்ளைகளே செய்யக்கூடியது ஒன்று. கண்ணாடித் துண்டில் நிறமில்லாத நகப்பூச்சு மெல்லிசாகத் தடவி, முடியை அதன் மேல் கிடத்தி, முக்கால் பாகம் காய்ந்ததும் உரித்து எடுங்கள். 400 மடங்கில் முடியின் மேல் செதில் அப்படியே பதிந்திருக்கும். முடியை நேராக வைத்துப் பார்த்தால் நடுத்தண்டு தெரியும். மனித முடியில் அது குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பல இடத்தில் அறுந்தும் போயிருக்கும். ஆடு, நாய் முடியில் அகலமாக, தொடர்ச்சியாக ஓடும். தென்னை நாரையும் ஒரு துண்டு சேர்த்துக் கொடுங்கள். சைக்ஸுக்கு வந்த "முடி"களிலேயே முடி அல்லாதவை இருந்தன.

முத்தியால்பேட்டை

கேட்டவரின் கடைசிக் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. "உண்டு" அணிக்கு நேர்மையான வாதங்கள் இருக்கின்றன. அவற்றைக் கொடுக்காமல் பட்டிமன்றம் நடத்துவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

"உடல் கிடைக்காமல் அறிவியல் ஏற்காது" என்று மறுப்பு அணி சொல்லும். அது முழு உண்மை இல்லை. தான்சானியாவின் கிபுஞ்சி குரங்கு 2005-ல் படங்களை வைத்தே புது இனமாக விவரிக்கப்பட்டது. அதே ஆண்டு நம் அருணாச்சலத்து முன்சாலா குரங்கையும் மைசூரு ஆய்வாளர்கள் கொல்லாமல், படம் எடுத்து, அளந்து விவரித்தார்கள். இரண்டையும் அந்த ஊர் மக்கள் முன்பே அறிந்திருந்தார்கள். வியட்நாமின் சாவோலா என்ற மாட்டினக் காட்டு விலங்கு 1992 வரை அறிவியலுக்குத் தெரியாது, வேட்டைக்காரர் வீட்டுச் சுவரில் தொங்கிய கொம்பு வழியாகத்தான் வெளியே வந்தது. ஊர்ச் சொல்லைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இவை சரியான சாட்சிகள்.

"எலும்பு ஏன் கிடைக்கவில்லை" என்பதையும் அலட்சியமாகச் சொல்லக் கூடாது. ஈரக் காட்டின் அமில மண்ணில் எலும்பு சீக்கிரம் கரையும். ஜைஜான்டோபித்திகஸ் என்ற மாபெரும் குரங்கு தெற்குச் சீனாவில் லட்சக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தது. கிடைத்திருப்பது நாலு கீழ்த்தாடையும் சுமார் 2,000 பற்களும்தான், ஒரு கால் எலும்புகூட இல்லை. 1935-ல் ஃபான் கோனிக்ஸ்வால்ட் அதன் முதல் பல்லைக் கண்டெடுத்ததே ஹாங்காங் மருந்துக் கடையில். அதற்கு நெருங்கிய ஒன்றின் தாடை 1968-ல் இமாச்சலத்தின் சிவாலிக் பாறையில் கிடைத்தது. திருவக்கரைக்குப் பிள்ளைகள் போயிருப்பார்கள். அங்கே முழு மரங்களே கல்லாகிக் கிடக்கின்றன. எது கல்லாகும், எது கரையும் என்பது புதைந்த இடத்தைப் பொறுத்தது.

இதே வாதங்கள் எங்கே முறிகின்றன என்பதையும் எதிரணிக்குக் கொடுங்கள். கிபுஞ்சியும் முன்சாலாவும் தேடிப் போனவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்தன. படம் பல, கோணம் பல, நேரம் பகல். சாவோலாவுக்குக் கொம்பு இருந்தது. ஜைஜான்டோபித்திகஸ் சுமார் இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. அமெரிக்கக் கண்டங்களில் மனிதக் குரங்கு எதன் புதைபடிவமும் கிடைத்ததில்லை. அதே காட்டில் வாழும் கருங்கரடி ஆயிரக்கணக்கில் வேட்டையாடப்படுகிறது, சாலையில் அடிபடுகிறது. அதைவிடப் பெரிய ஒரு விலங்கு ஒரு முறைகூட லாரியில் அடிபடவில்லை என்பதற்கு அமில மண் பதில் சொல்லாது.

எனக்கு எல்லாவற்றையும்விட எடை கூடியதாகப் படுவது கேமரா. 2018 புலிக் கணக்கெடுப்பில் இந்தியக் காடுகளில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமரா வைத்தார்கள். மூன்றரைக் கோடிக்கு அருகே படங்கள் விழுந்தன. அதில் புலி 76,651, சிறுத்தை 51,777. கேமராவுக்குப் புலி, பேய், பிக்ஃபுட் எதுவும் தெரியாது. முன்னால் சூடாக நகர்வதை எல்லாம் எடுக்கும். வட அமெரிக்கக் காடுகளிலும் கரடி, மலைச்சிங்கம், வால்வரீன் என்ற விலங்கு வரை கேமராவில் விழுகிறது. 2009-ல் ஒரு ஆய்வு, பிக்ஃபுட் பார்த்ததாகச் சொன்ன இடங்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்தது. கருங்கரடி வாழத் தகுந்த பகுதியோடு அது ஏறக்குறைய அப்படியே பொருந்தியது.

இன்னொரு யோசனை: முடிந்தால் புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு தாளில் ஒட்டிய செடி, அதன் ஓரத்தில் எடுத்தவர், இடம், தேதி, வரிசை எண். எந்த ஆய்வாளரும் போய்த் திரும்பச் சரிபார்க்கலாம். ஆதாரம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் விளக்குவதைவிட அந்த ஒரு தாள் மேல்.

மஞ்சக்குப்பம் வாசகர்

எல்லாருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். ராணுவம் போட்ட தடத்தை யாரும் தொடவில்லை. அடுத்தது, நடுப்பாதம் மடிகிற தடம் மனிதனுக்கு வராது என்று ஒரு பிள்ளை இப்போதே வாதாடுகிறான். அவனுக்கு என்ன சொல்வது?

கெடிலக்கரையான்

அந்தப் பிள்ளை ஜெஃப் மெல்ட்ரம் பேச்சைக் கேட்டிருக்கிறான். ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழக உடற்கூறியல் பேராசிரியராக இருந்தவர். அவர் வாதம் இதுதான்: மனிதப் பாதத்தில் வளைவு உண்டு, குரங்கின் பாதம் நடுவில் மடியும், பிக்ஃபுட் தடத்தில் அந்த மடிப்பின் மேடு தெரிகிறது. படிக்கவேண்டிய வாதம்தான். ஆனால் 2013-ல் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த 398 பேரை நடக்கவிட்டுப் பார்த்தபோது, சுமார் 8 சதவீதம் பேருக்கு அதே மடிப்பு இருந்தது. ஆகவே மடிப்பு மட்டும் போதாது. வழுக்குகிற மண்ணில் முன்பாதத்தை உந்தினாலும் நடுவில் ஒரு மேடு எழும், கடற்கரையில் அவனையே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

ராணுவத் தடம்: நேபாளத்தின் மகாலு மலை அடிவார முகாம் அருகே 2019 ஏப்ரல் 9-ல் பார்த்தது, 32 அங்குலம் நீளம், 15 அங்குலம் அகலம் என்று போட்டார்கள். பனியில் இரண்டு விஷயம் நடக்கும். கரடி நடக்கும்போது பின்கால் முன்கால் தடத்தின் மேலேயே பாதி விழும், இரண்டும் சேர்ந்து ஒரே நீண்ட பாதமாகத் தெரியும். வெயில் பட்டால் விளிம்பு உருகித் தடம் அகலும். அதனால் பனித் தடத்தின் அளவை வைத்து விலங்கின் அளவைச் சொல்லவே கூடாது. தெளிவான தடம் கிடைத்தால் பெருவிரலைப் பாருங்கள்: மனிதனுக்கும் குரங்குக்கும் பெரிய விரல் உள்பக்கம், கரடிக்கு வெளிப்பக்கம். நம் பக்கத்துத் தேன்கரடிக்கு ஐந்து விரலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும், முன்னால் நீளமான நகக் கீறல் தள்ளி இருக்கும்.

பயிற்சி முடிந்ததும் வாளியில் மிஞ்சும் பிளாஸ்டரைக் கழுவிச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளேயே கல்லாகி அடைத்துக்கொள்ளும். வாளியிலேயே இறுகவிட்டுத் தட்டி எடுத்துக் குப்பையில் சேருங்கள். தோண்டிய குழிகளை மூடிவிட்டு வாருங்கள், காலையில் அந்தப் பக்கம் நடைப்பயிற்சிக்கு நிறைய பேர் வருகிறார்கள்.